அடுத்த வாரம் வாங்கம்மா!

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இது பழக்கமான சமாசாரம். திண்டிவனம் தாண்டி, விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால், விக்கிரவாண்டி பக்கம் பஸ் ஓரம் கட்டும். "டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்... வண்டி பத்து நிமிஷம் நிக்கும்!" என்று ஒருவர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவார். ஸ்பீக்கரில் பாட்டு அலறும். அப்போதுதான் கண் அசந்திருப்பீர்கள். மனசுக்குள் திட்டித் தீர்ப்பீர்கள். மறுநாள் ஊரில் போய் இறங்கியதும், "ராத்திரி பூரா தூக்கமே இல்ல" என்று யார் மேலாவது எரிந்து விழுவீர்கள்.

ஒரே ஒரு ராத்திரிக்கே இந்தப் பாடு!

அந்த நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஊர்களில், பஸ் சத்தமும் இல்லாமல், ஸ்பீக்கரும் இல்லாமல், வருஷக்கணக்காகத் தூங்காமல் புரளுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களில் மட்டுமா? உங்கள் அபார்ட்மென்ட்டிலும் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் பொழுதும் பாழாகிறது என்றால், மருத்துவம் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது.

'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. களைத்தவனுக்குக் கட்டாந்தரையும் மெத்தைதான் என்று அர்த்தம். உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் களை எடுத்து, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தும், ராத்திரி ஒரு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற பெண்ணிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். "உழைச்சா தூக்கம் வரும்னு சொல்றியே, நான் உழைக்கலையா?" என்று கேட்பாள். நியாயமான கேள்வி.

ஒரு அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மயிலம் பக்கம் ஏதோ ஒரு கிராமம். வயது 58. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது போன தூக்கம் திரும்பி வரவில்லை. பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர், சீட்டை நீட்டிக்கொண்டே சொல்கிறார்: "தூக்கமே வர்ல டாக்டர் சார். ஏதாச்சும் மாத்திர குடுங்க."

அவருக்குப் பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். டாக்டர் என்ன செய்ய வேண்டும்?

இது மருத்துவக் கேள்வி மாதிரிதான் தெரியும். எனக்கென்னவோ இது ஒரு தர்மக் கேள்வியாகவே படுகிறது.

மாத்திரை கொடுப்பது சுலபம். 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம் என்று ஒரு சுவிட்சர்லாந்து கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த நாள் முதல் உலகம் முழுக்க நடப்பது அதுதான். இன்றைக்கு அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடம் என்று விதவிதமாக இருக்கின்றன. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. வீட்டில் சாவு விழுந்த வாரத்தில், ஆபரேஷனுக்கு முந்தைய நாளில், சில நாட்களுக்கு மட்டும் என்று டாக்டர் கொடுத்தால் அது கருணைதான். சிக்கல் எங்கே? சில நாள் என்பது சில வருஷமாகிறபோது! உடம்பு பழகிக்கொள்ளும். அரை மாத்திரை ஒன்றாகும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். வயதானவர்கள் நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பை உடைத்துக்கொள்வார்கள்.

சரி, மாத்திரை இல்லாமல் வேறு வழி உண்டா? உண்டு. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று (அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்) தெளிவாகவே சொல்லிவிட்டது: நாள்பட்ட தூக்கமின்மைக்கு எல்லாப் பெரியவர்களுக்கும் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி. சுருக்கமாக சி.பி.டி. பழக்கத்தையும் நினைப்பையும் மாற்றுகிற சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் பேசக்கூடிய சங்கதிகள்தான்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்கிற அமெரிக்க உளவியலாளர் தூக்கமின்மையை மூன்று பகுதியாகப் பிரித்தார். விழுப்புரம் மாவட்டத்து மணிலாக்கொட்டை விவசாயிக்குப் புரிகிற மாதிரி சொன்னால் நிலம், விதை, தண்ணீர். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம், எதற்கெடுத்தாலும் கவலை. அது நிலம். கணவர் சாவு, கடன், மகள் கல்யாணம் என்று ஏதோ ஒன்று வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. அது விதை. அப்புறம் நாம் செய்கிறோமே, அதுதான் தண்ணீர். ராத்திரி தூங்கவில்லை என்று மத்தியானம் இரண்டு மணி நேரம் படுப்பது. 'சீக்கிரம் படுத்தா கொஞ்சமாவது தூங்கலாம்' என்று எட்டரைக்கே பாயை விரிப்பது. மணிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பது. 'இன்னிக்கும் தூங்கலைன்னா நாளைக்குச் செத்தேன்' என்று கணக்குப் போடுவது. விதை போட்டவர் யாராக இருந்தாலும், வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றுவது நாம்தான். பாவம், தெரியாமல் ஊற்றுகிறோம்!

சிகிச்சை அந்தத் தண்ணீரைத்தான் நிறுத்துகிறது.

முதலில் ஒரு வாரம், இரண்டு வாரம் கணக்கு எழுதச் சொல்வார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறத்தாழ எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள். நம் அம்மா ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறார். பாயில் எட்டரை மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி மூன்று மணி நேரம் புரளல். 'அப்படியானால் பன்னிரண்டு மணிக்குப் படுங்கள், ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள்' என்பதுதான் வைத்தியம்! கேட்டால் கோபம் வரும். தூக்கம் வரவில்லை என்று வந்தவரிடம் படுக்காதே என்பதா? ஆனால் 1987-ல் ஸ்பீல்மன் எழுதிக் காட்டியது இதைத்தான். பசி எடுக்காதவனுக்குப் பலகாரத்தை நீட்டிக்கொண்டே இருந்தால் பசிக்குமா? கொஞ்சம் காயப்போட வேண்டும். தூக்கப் பசி சேரும். படுத்த நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தூங்க ஆரம்பித்ததும், பதினைந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமாகப் படுக்கை நேரத்தைக் கூட்டுவார்கள். எப்படி இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை.

அடுத்தது, 1972-ல் ரிச்சர்ட் பூட்சின் என்பவர் சொன்ன விதி. படுக்கை தூங்குவதற்கு மட்டும். டி.வி., போன், வரவு செலவுக் கணக்கு எதுவும் அங்கே வேண்டாம். இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருங்கள். கண்ணைச் சொக்கும்போது திரும்பி வாருங்கள். எத்தனை தடவை ஆனாலும் சரி. எப்போது தூங்கினாலும் காலையில் எழுகிற நேரம் மட்டும் மாறக் கூடாது. படுக்கையைப் பார்த்தாலே 'ஐயோ, இன்னிக்கு ராத்திரியா' என்று பதறுகிற மனசுக்கு, படுக்கை என்றால் தூக்கம் என்று மறுபடி கற்றுக்கொடுக்கிறார்கள்.

கட்டில் வைத்துக்கொண்டிருக்கிற நம்மைவிடப் பாயில் படுப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் படுக்கையே காணாமல் போய்விடுகிறது! நமக்கோ கட்டில் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

சரி, முறை தெரிகிறது. பிறகு ஏன் நம் அம்மாவுக்கு மாத்திரை மட்டும் கிடைக்கிறது?

முதல் பதில்: நேரம் இல்லை. இதைக் கேலி செய்ய முடியாது. 67 நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு எத்தனை நேரம் கொடுக்கிறார்கள் என்று தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல். பங்களாதேஷில் 48 வினாடி. நம் நாட்டில் ஏறத்தாழ 2 நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் பிரஷர் பார்ப்பதா, பாய் சுருட்டுவதைப் பற்றிப் பேசுவதா? விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகலாமே என்பீர்கள். போகலாம். ஒரு நாள் கூலி போகும். தவிர, "மனநலப் பிரிவுக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் வழக்கமாக வந்து போகிற இடத்திலேயே வைத்தியம் கிடைத்தால்தான் உண்டு.

டாக்டர்தான் செய்ய வேண்டுமா என்ன? இங்கிலாந்தில் 35 சாதாரண கிளினிக்குகளில், 642 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2023-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு நல்ல தூக்கத்துக்கான அறிவுரைத் தாள் மட்டும். மீதிப் பேருக்கு அந்தத் தாளோடு, நர்ஸ் ஒருவர் நான்கு முறை பேசி, படுக்கை நேரத்தைக் குறைக்கிற அந்த வைத்தியத்தையும் சொல்லிக் கொடுத்தார். அந்த நர்ஸ்கள் தூக்க நிபுணர்கள் இல்லை. இதற்கென்று கொஞ்சம் பயிற்சி பெற்றவர்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நர்ஸ் பேசியவர்களின் தூக்கம் தெளிவாக மேம்பட்டிருந்தது.

'அது வெள்ளைக்காரன் ஊர் சார்' என்பீர்கள். கோவாவுக்கு வாருங்கள். அங்கே சில சுகாதார நிலையங்களில், மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களோடு பேச வைத்தார்கள். 2010-ல் வந்த அதன் முடிவில், அரசு சுகாதார நிலையங்களுக்கு வந்த ஏழை எளியவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. நம் தமிழ்நாட்டிலேயே 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அதே ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். வாசல் வரைக்கும் போகிறவர், "தூக்கம் எப்படிம்மா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்பது நடக்க முடியாத காரியமா?

இரண்டாவது பதில்தான் எனக்கு உறுத்துகிறது. 'நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது சார். அவங்களுக்கு ஊசி போடணும், இல்லேன்னா மாத்திரை கொடுக்கணும்.'

இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்க அனுபவஸ்தர் பேச்சு மாதிரி இருக்கும். உண்மையில் இது என்ன? ஒரு மனுஷிக்கு இரண்டு வழி இருக்கிறது. அதில் ஒன்றை அவளிடம் சொல்லாமலே, 'அவளுக்கு வேண்டாம்' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூன்று போகம் பார்த்தவள், கந்து வட்டிக்காரனைச் சமாளித்தவள், மகனைப் படிக்க வைத்தவள்... அவளால் இரண்டு வாரம் பன்னிரண்டு மணிக்குப் படுக்க முடியாதா? முடியாமலும் போகலாம். அதை அவள் அல்லவா சொல்ல வேண்டும்? நகரத்தில் காசு கொடுக்கிறவருக்கு ஒரு மணி நேரப் பேச்சு, கிராமத்தில் வரிசையில் நிற்கிறவருக்கு அட்டையில் பத்து மாத்திரை. இந்த வித்தியாசத்துக்கு 'ஜனங்க அப்படி' என்பது காரணம் இல்லை, சாக்கு.

அதே நேரம், வைத்தியத்தின் கஷ்டத்தை மறைப்பதும் தப்பு. முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் தள்ளும், தலை கனக்கும், எரிச்சல் வரும். அதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். விழுப்புரம் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவரையும், மில்லில் மெஷினோடு நிற்கிறவரையும் தூக்கத்தைக் குறை என்று சொல்லிவிட்டு வேலைக்கு அனுப்ப முடியாது. வலிப்பு உள்ளவர்கள், உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற மனநோய் உள்ளவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடக் கூடாது. குறட்டையின் நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு இருப்பது வேறு வியாதி. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது ஒரு கேள்வி இருக்கிறது. இதுதான் கஷ்டமானது.

ஒரு அம்மா தூங்காததற்குக் காரணம் பழக்கம் இல்லை, வாழ்க்கை என்றால்? குடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்து கதவை உதைக்கிற புருஷன். திங்கட்கிழமை காலை வாசலில் வந்து நிற்கப் போகிற தவணைக்காரர். இப்படி இருக்கிறவளுக்கு 'பாயை மாற்று, நினைப்பை மாற்று' என்று சொல்லிக் கொடுப்பது, அநியாயத்தோடு ஒத்துப்போகப் பழக்குவதாக ஆகாதா? விழித்திருப்பதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறதே!

நன்றாக யோசிக்க வேண்டிய கேள்வி. என் பதில் இது. மாத்திரை எதையும் கேட்பதில்லை. குடிகாரன் மனைவிக்கும், கவலையில் புரளுகிறவளுக்கும், மூச்சு நின்று விழிக்கிறவளுக்கும் அதே மாத்திரைதான். 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலம் போன்ற மருந்துகளை விற்கிற மெடிக்கல் ஷாப், தனி ரிஜிஸ்டர் வைத்து எழுத வேண்டும் என்று சட்டம். யார் எழுதிக் கொடுத்தார், யாருக்கு, எந்த மருந்து, எத்தனை என்று அதில் எழுதி, மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 'ஏன் தூக்கம் வரவில்லை?' என்பதற்கு அந்த ரிஜிஸ்டரில் இடம் கிடையாது.

சி.பி.டி. அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஒரு வாரக் கணக்கை எழுதச் சொன்னாலே உண்மை வெளியே வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பேத்தி எழுதட்டும், இல்லையென்றால் வாயால் சொல்லட்டும். "ஏம்மா, செவ்வாய், வெள்ளி, சனி மூணு நாளும் ஒரு மணிக்கு முழிச்சிருக்கீங்களே, என்ன ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டால், முதலில் மௌனம் வரும். அப்புறம் அழுகை வரும். அப்போது தெரிந்துவிடும், இங்கே வேண்டியது தூக்க வைத்தியம் இல்லை, வேறு உதவி என்று. 'இந்த வைத்தியம் உனக்கு வேண்டியதில்லை' என்று கண்டுபிடிக்கவும் இந்த வைத்தியத்துக்குத் தெரியும். மாத்திரைக்கு அது தெரியாது.

துயரம் துயரமாகவே இருக்கிற வீட்டிலும் தூக்கம் வேண்டும். கணவரை இழந்தவர் தூங்க ஆரம்பித்தால் அவரை மறந்துவிட்டார் என்று ஆகாது. கடன்காரரோடு வாதாட, மகனுக்கு போன் போட, அடுத்த போகத்தைப் பற்றி யோசிக்கத் தெம்பு வேண்டாமா? தூக்கம் அநியாயத்தைத் தீர்க்காதுதான். எதிர்த்து நிற்க உடம்பைத் தயார் செய்யும்.

ஆகவே, டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை ரொம்பச் சின்னது. மாத்திரை தருவதும் தராததும் அவருடைய மருத்துவ முடிவு. ஆனால் மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. 'இதை வாங்கிட்டுப் போ' என்பது ஒரு வகை அனுப்பிவைத்தல். 'இந்தக் கணக்கை எழுதிக்கிட்டு அடுத்த வாரம் வாங்கம்மா, நர்ஸ் உங்களோட பேசுவாங்க' என்பது ஒரு வகை கைகொடுத்தல். இங்கிலாந்திலும் கோவாவிலும் வேலை செய்தது ஏதோ அபூர்வ ரகசியம் இல்லை. ஒருத்தர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை வந்ததும், 'போன வாரம் எப்படி இருந்துச்சு?' என்று மறக்காமல் கேட்க ஓர் ஆள் இருந்தார்.

நீங்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் அம்மாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். காலையில், "தூங்கவே இல்லைப்பா" என்றால் என்ன சொல்கிறீர்கள்? "வயசானா அப்படித்தான்" என்றா? "மாத்திரை போட்டுக்க வேண்டியதுதானே" என்றா?

நாளைக்குக் காலையில் அதை விட்டுவிட்டு, "எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்ததும் ஆபீசுக்குக் கிளம்பிவிடாமல் கொஞ்சம் உட்காருங்கள். முக்கியமாக, அடுத்த வாரமும் கேளுங்கள்.